ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பு

நகை வேண்டும், பட்டு வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரோடு சேர்ந்து வேதக்கோயிலுக்கு, அதுதான் எங்கள் சர்ச்சுக்கு, நடந்து போக வேண்டும் என்ற ஒரு ஆசை மட்டும் இருந்தது. இதில் என்ன இருக்கிறது, வீட்டுக்கு வீடு நடக்கிறதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். பட்டாளத்துக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாருங்கள், தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வடக்கே எங்காவது இருப்பார். நான் ராஜபாளையத்தில் இருப்பேன். ஜான்சியில் குடும்பத்துக்கு வீடு கொடுத்தபோது இரண்டு வருஷம் கூடப் போய் இருந்தேன். மற்றபடி வருஷத்துக்கு ஒரு லீவு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நடப்பேன். கோயில் வாசலில் ஒரு அம்மாள் தவறாமல் நின்று, "அவிய லீவுல வரலையா?" என்று கேட்பாள். போன வாரமும் அவளேதான் கேட்டிருப்பாள். "வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். பாட்டுப் பாடும்போது எனக்குப் பாட்டில் மனசு நிற்காது. அந்த அம்மாளுக்கு அடுத்த வாரம் என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் பாதியில் அவர் ஓய்வு பெற்று வந்தார். ஊரில் ஒரு நூல் மில்லில், டைம் ஆபீசில் வேலை கிடைத்தது. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். நான் காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீட்டுக்குத் திரும்புவேன். மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச வாய்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கும் ஆராதனையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆக, எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த நடை மட்டும். வீட்டிலிருந்து கோயிலுக்கு அரைமணி நேரம் ஆகும். அவர் இரண்டு பேருடைய வேதப் புத்தகங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பரேடுக்குப் போகிறவர் போல முன்னால் நடப்பார். "செத்த மெதுவாப் போங்க, யாரு துரத்துதா?" என்பேன். நிற்பார். பிறகு சேர்ந்து நடப்போம். மில் கதை, ஆபீஸ் கதை, மகளுக்கு வாங்க வேண்டிய பாவாடைத் துணி, எல்லாம் அந்த அரைமணி நேரத்தில்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வீட்டுக்கு டிவி வந்துவிட்டது.

மிலிட்டரி கேன்டீனில் மலிவு என்று அவர்தான் வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளை. எங்கள் தெருவில் அதுதான் முதல். மொட்டை மாடியில் ஒரு மூங்கில் கழி நட்டு, ஆன்டெனாவைக் கட்டி, கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தோம். மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த புதிது அது. காற்றடித்தால் படம் போய்விடும். அவர் மாடியில் நின்று கழியைத் திருப்புவார். நான் கீழே நின்று, "வருது, வருது, போச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன்.

இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு அப்போதே பயம் இருந்தது. இராச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் என்பது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். "ஜெப நேரத்துல இது வாயத் தொறக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் என்னைவிடக் கண்டிப்பு. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் நேரமானால் டக்கென்று அணைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். பார்க்க வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் எழுந்து போய் வாசலில் நிற்பார்கள். உள்ளே "ஆமென்" கேட்டதும் திரும்ப வந்து அவரவர் இடத்தில் உட்காருவார்கள். சாயங்காலங்களை இப்படிக் காப்பாற்றிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெட்டி காலை வாரும் என்று யார் கண்டது?

ஞாயிறு காலையில் ஒரு இதிகாசத் தொடர் ஓடியது. நாடே அந்த நேரத்தில் தெருவைக் காலி செய்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. எங்களுக்குப் படம் தெரிய ஆரம்பித்தபோது கதை ஏற்கெனவே காட்டுக்குள் போய்விட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள், மற்றவர்கள் தமிழ். எந்த மொழி பேசினாலும் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. ஆனால் டிவியில் பேசியது இந்தி. தெருவில் இந்தி தெரிந்த ஒரே ஆண்பிள்ளை என் கணவர்.

முதல் வாரம் நாங்கள் கிளம்பி நிற்கிறோம். புத்தகங்கள் அவர் கக்கத்தில் இருக்கின்றன. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு அக்கா, "தம்பி, அவிய என்னமோ சொல்லுதாவளே, என்னன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாள். இவர் நின்றபடியே ஒரு வாக்கியம் சொன்னார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் புத்தகங்களை அலமாரியில் வைத்துவிட்டு, "நீ முன்னால போய்க்கிட்டிரு, பின்னாலயே வாரேன்" என்றார். நான் போனேன். அவர் வரவில்லை.

கோயில் வாசலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். "அவிய வரலையா?"

அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். வீட்டில் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, மாடு வைத்துப் பால் ஊற்றி, ஒரே மகனை வளர்த்தாள். அந்தப் பையன் பள்ளிக்கூடம் முடித்ததும் என் கணவர்தான் அவனை விடிவதற்கு முன்னால் எழுப்பி ஓட விட்டு, நெஞ்சை விரிக்கச் சொல்லிக்கொடுத்து, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கும் கூடப் போய் நின்று சேர்த்துவிட்டார். அவன் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே நம் படையை இலங்கைக்கு அனுப்பினார்கள். அவனும் போனான். போனவனிடமிருந்து தகவல் வருவது மாதக்கணக்கில் தள்ளிப் போனது. அக்கா இவரிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இவரை அரித்தது. ராத்திரி சாப்பிடும்போது பக்கத்து வீட்டில் மாடு கத்தினால்கூட, "அக்கா சாப்பிட்டாவளோ என்னமோ" என்பார்.

சரி, அந்த அக்கா கேட்கிறாள் என்பதற்காக ஒரு வாரம் இருந்தார், பொறுத்துக்கொள்ளலாம். மறு வாரமும் இருந்தார். அதற்கடுத்த வாரமும் இருந்தார். "இந்தத் தடவ பாதியில எந்திரிச்சு வந்துருதேன்" என்பார். வர மாட்டார். கோயிலுக்கு வராத குறையைத் தீர்க்க, ஞாயிறு சாயங்காலம் தனியாக ஒரு மணி நேரம் வேதம் வாசித்தார். எனக்கு எரிந்தது. வேதத்தை எந்த நேரமும் வாசிக்கலாம். என்கூட நடக்க ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான் இருக்கிறது என்று நான் வாய் விட்டுச் சொன்னால் அல்லவா தெரியும்? அதைச் சொல்ல வெட்கம். அதனால் ஆராதனை, கட்டளை, சாட்சி என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்துச் சண்டை போட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

அவருடைய மொழிபெயர்ப்பின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது பட்டாளத்து இந்தி. சப்பாத்தி போதும், டியூட்டி எப்போது, லீவு கொடு, இந்த மாதிரி. தொடரில் பேசியது அரண்மனை இந்தி. பாதிக்குப் பாதி அவருக்கே விளங்காது. தமிழிலும் அவருக்கு ராஜாக்கள் பேசுகிற பேச்சு என்றால் அது வேதப் புத்தகத்துத் தமிழ்தான். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த ராஜாக்கள் எல்லாம் அதில்தானே பேசினார்கள். ஆகவே திரையில் அரக்க மன்னன் கண்ணை உருட்டினால் இவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஸ்திரீயே, நீ என் வார்த்தைக்குச் செவிகொடுப்பாயாக" என்பார். கூட்டத்திலிருந்து ஒருவர், "ஸ்திரீன்னா யாரு?" என்பார். "பொம்பள" என்பார் இவர். குரங்குப் படைத் தலைவன் இவர் வாயில் சேனாதிபதி ஆனான். சாபம் கொடுத்தால், "நீ நிர்மூலமாகக்கடவாய்." சும்மா சொல்லக் கூடாது, தெருவுக்கு அது பிடித்துப்போனது. சின்னப் பிள்ளைகள் கோலிக்குண்டு விளையாடும்போதுகூட ஒருவனை ஒருவன் நிர்மூலமாகக்கடவாய் என்று திட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்தது. ஒரு திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருவர், "ராஜபாளையத்துல ஒரு வேதக்காரர் இந்திய அப்படியே தமிழ்ல சொல்லுதாராம்லா? எம் மச்சினன் கான்சாபுரத்துலருந்து பஸ் ஏறிப் போயிக் கேட்டுட்டு வந்தான். கண்ண மூடிக்கிட்டா ஏதோ பிரசங்கம் கேக்க மாதிரியே இருக்காம். ஒங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன். "எங்க தெருதான்." கையில் இருந்த பால்கோவாவைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்துக் கட்டினேன்.

அந்த வாரம் பாஸ்டர் ஐயா பிரசங்கத்தில், வீட்டுக்குள் வந்த பெட்டி எப்படி வீட்டுக்காரனாகிவிடுகிறது என்பதைப் பற்றிப் பேசினார். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பெண்கள் பக்கத்தில் இருந்த தலை எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தது. வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். வந்து பார்த்தால் கூட்டம் கலைந்து, அவர் ஒற்றை ஆளாக வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். டிவிக்கு முன்னால் யாரோ ஒரு முழம் மல்லிகையும் இரண்டு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "இத என்ன செய்யன்னு தெரியல, நீ தலையில வச்சுக்கிடுதியா?" என்று பூவை நீட்டினார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷனோடு ஒரு சண்டையையாவது ஒழுங்காகப் போட்டு முடித்ததாக எனக்கு நினைவில்லை.

இதற்கிடையில் தொடரில் கதை நகர்ந்து, படை கடலைத் தாண்டி இலங்கைக்குள் போய்விட்டது. சண்டை ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு அது கதை. அடுத்த வீட்டு அக்காவுக்கு அப்படியா இருக்கும்? இவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்பு பறக்கிற காட்சிகளில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இருப்பாளாம். "வேண்டாம்க்கா, வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்காவ" என்றார்.

நானே அதைப் பார்க்கிற நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, கணுக்கால் வீங்கிவிட்டது. மறுநாள் கோயிலுக்குப் போக முடியவில்லை. உள் அறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. டிவி பாதி தெரிந்தது, அக்காவின் முகம் முழுக்கத் தெரிந்தது.

அன்றைக்குத் திரையில் இளைய இளவரசன் அடிபட்டு விழுந்தான். அண்ணன் அவனை மடியில் கிடத்திக்கொண்டு அழுதான். எனக்கும் கொஞ்சம் இந்தி தெரியும். ஜான்சியில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசிக் கற்றுக்கொண்ட இந்தி. அண்ணன் கேட்டது எனக்கு நன்றாகவே விளங்கியது. நான் ஊருக்குத் திரும்பிப் போனால் உன் அம்மாவிடம் என்ன சொல்லுவேன் என்று கேட்டு அழுதான். அக்கா, "என்ன சொல்லுதான் தம்பி?" என்றாள்.

என் கணவர் ஸ்டூலில் இருந்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை. "தம்பி, நீ எழுந்திருப்பாய்" என்றார். "உன்னை உன் தாயின் கையில் பத்திரமாகத் திரும்ப ஒப்புவிப்பேன். அவள் கலங்காதிருப்பாளாக."

அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். அன்றைய பகுதி முடிகிற வரைக்கும் அவர் இப்படித்தான் பேசினார். படத்தில் ஒன்று நடக்க, இவர் அக்காவின் முகத்தைப் பார்த்து வேறொன்று சொன்னார்.

சாயங்காலம் கேட்டேன். "அவன் கேள்வில்லா கேட்டான்? நீங்க பதில் சொல்லுதீங்க?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு இந்தி தெரியும் என்பதையே மறந்திருந்தார் போல. "அந்தக்கா மூஞ்சியப் பாத்தேல்லா? அந்த மூஞ்சியப் பாத்து அந்தக் கேள்விய எப்படிட்டி சொல்லுவேன்?" என்றார். பிறகு, "எத்தன வாரமா இப்படித்தான் ஓடுது. பொய் சொல்லுதேனோன்னு பயமாவும் இருக்கு" என்றார். அன்றைக்கு நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதற்காக நடைக்குப் போகிற ஆசை போய்விடவில்லை. அது அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கத்தான் செய்யும்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் காலுக்குப் பற்றுப் போட ஏதோ இலையை அரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இவர் மில்லுக்குப் போயிருந்தார். பற்றைப் போட்டபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "தம்பி சொல்லுததெல்லாம் படத்துல இல்லாத பேச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு இந்தி தெரியுமாக்கா?"

"இந்தி எனக்கு எதுக்குத் தெரியணும்? கதை தெரியாதா? பொறந்ததுலருந்து கேட்ட கதை. எந்த எடத்துல யாரு என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன்க்கா வாரம் தவறாம வந்து கேக்கீங்க?"

"அவன் வாயிலருந்து என்ன வரும்னு கேக்கத்தான் வாரேன்" என்றாள். "எம் மவன் வந்துருவான்னு என்கிட்ட வேற யாரு சொல்லுதா? தெருவுல எல்லாரும் என்னைப் பாத்தா பேச்ச மாத்துதாவ. தம்பி ஒருத்தன்தான், ராஜா சொன்னான், ரிஷி சொன்னான்னு யாரு பேரையாவது போட்டுச் சொல்லுதான்." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். தெலுங்கில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். மகனை நாயனா, நாயனா என்று கூப்பிட்டது மட்டும் எனக்கு விளங்கியது. நானும் அழுதேன். பற்று காய்ந்து உதிர்கிற வரைக்கும் இரண்டு பேரும் அழுதோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதுதான் நான் எதிர்பாராதது. "ஏட்டி, ஞாயித்துக்கிழம நீ தனியாப் போறப்ப தெருமுக்கு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறேல்லா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? புருஷன் வேல முடிஞ்சு ஊரு வந்து சேந்ததே பெருசு. இந்த வாரத்துலருந்து கூட்டிட்டுப் போ. கதைய நான் சொல்லிக்கிடுதேன் தெருச் சனத்துக்கு. எனக்கு மட்டும் போறப்ப எங்க வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போனா போதும்."

அக்கா சொன்னதை எல்லாம் அவரிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டுக் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அக்கா அவள் வாசலில் நின்றாள். என் கணவர் அவளுக்கு முன்னால் போய் நின்றார். ராஜா பேச்சும் ரிஷி பேச்சும் அப்படிச் சரளமாகக் கொட்டிய வாய். இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. புத்தகங்களை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். திரை இல்லாமல் அவருக்குப் பேச்சு எழவில்லை. கடைசியில் நான்தான், "ஒங்க மவன் நல்லபடியா வந்துருவான்க்கா" என்றேன். "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதை சொல்ல எங்கள் வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் எனக்குத் திருவிழா. கால் வீக்கம் முழுக்க வடியாததால் மெதுவாகத்தான் நடப்பேன். அவரும் என் வேகத்துக்கு நடப்பார். வழியில் திறந்திருந்த ஜன்னல்களிலிருந்தெல்லாம் சண்டைச் சத்தம் கேட்கும். தளவாய்புரம் போகிற பஸ்கூட ஆளில்லாமல் ஓடும். தெரு முழுக்க எங்களுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி காலியாகக் கிடக்கும். கோயில் வாசலில் நின்ற அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்துபோனாள். எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சின்னப்புத்தி என்பீர்கள். சொல்லிவிட்டேன்.

அக்காவின் வாசலில் வாரா வாரம் அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். அவர் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டுவார்.

தொடரில் சண்டை முடிந்து, இளவரசர்கள் ஊர் திரும்புகிற வாரம் வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்க்கிற காட்சி அன்றைக்குத்தான் என்று தெருவே பேசிக்கொண்டது. எங்கள் வீட்டில் இடம் போதாமல் ஜன்னலில் எல்லாம் ஆள் தொங்கியது. கதை சொல்ல வேண்டிய அக்காவைக் காணோம். கிளம்பிப் போகும் வழியில் எட்டிப் பார்த்தோம். அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"என்னக்கா, அங்க எல்லாரும் ஒங்களத் தேடுதாவ" என்றார் இவர்.

"நான் வரல தம்பி. எம் புள்ள வரல. ஊரான் புள்ள வாரதப் பாத்து நான் என்ன செய்ய?"

நான் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை வாரமாக அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த முகத்துக்கு முன்னால் அது பைசாவுக்குப் பெறாது என்று எனக்கே தெரிந்தது. கோயிலில் முதல் மணி அடித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மணி அடிச்சிட்டாவ" என்றார் இவர், வாசலிலிருந்து.

"அடிக்கட்டும். நீங்களும் உள்ள வாங்க."

அவரும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுவரில் அக்கா கும்பிடுகிற சாமி படமும், அதற்குப் பக்கத்தில் சீருடையில் அவள் மகன் படமும் இருந்தன. எங்கள் வீட்டிலிருந்து சங்குச் சத்தமும் ஜனங்கள் கைதட்டுகிற சத்தமும் கேட்டன. அந்தப் பையன் பிறகு ஒரு நாள் வந்து சேர்ந்தான். முழு ஆளாகத்தான் வந்தான். ஆனால் அன்றைக்கு அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். "சொல்லுங்க" என்றேன். "ராஜா பேரும் வேண்டாம், ரிஷி பேரும் வேண்டாம்."

அவர் கண்ணை மூடினார். எங்கள் வீட்டு ஜெபத்தில்கூட அவர் வேதத் தமிழ் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவருடைய சொந்தப் பேச்சில் ஆண்டவரிடம் பேசினார்.

"ஆண்டவரே, இந்தக்கா மவன் அங்க கெடக்கான். நான்தான் சேத்துவிட்டேன். நானும் காவலுக்கு நின்னவன்தான், எம்புட்டு பயமா இருக்கும்னு எனக்குத் தெரியும். அப்ப எங்கம்மா எப்படி இருந்திருப்பாவன்னு எனக்குத் தெரியாது, இப்பத்தான் பாக்கேன். அவனுக்கு ஒறக்கம் வந்துட்டா செத்த நேரம் நீரு முழிச்சுக்கிடும். கொண்டு வந்து இந்த வாசல்ல விட்டுரும். எனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியல."

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இதச் சொன்னது யாரு தம்பி?"

"நான்தான்க்கா" என்றார் என் கணவர்.